இருமினால் கசிகிறதா, அடி இறங்குகிறதா? மலைவேலை செய்யும் பெண்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோத்தகிரி, குன்னூர் பக்கம் தேயிலை பறிக்கிற, காரட் தோட்டத்துக்குப் போகிற, மேட்டிலிருக்கும் வீட்டுக்குத் தண்ணீரும் விறகும் சுமக்கிற பெண்களுக்கு இடுப்புத்தளப் பயிற்சி (சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் தசைக்கான பயிற்சி) சொல்லிக்கொடுப்பது என் வேலை. இருமும்போது கசிவது, கழிப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குள் நனைந்துவிடுவது, சாயங்காலமானால் கீழே ஏதோ இறங்கி நிற்பதுபோல் கனப்பது என்று வருகிறவர்களில் பலர், "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று வருஷக்கணக்கில் பொறுத்துக்கொண்டவர்கள். பொறுக்க வேண்டியதில்லை. சரியாகப் பயிற்சி செய்கிற பெரும்பாலானவர்களுக்கு இது குறைகிறது; சிலருக்கு முழுவதும் நின்றே போகிறது.

ஆனால் வரிசை முக்கியம். எல்லாரும் நேரே தசைப் பயிற்சிக்குத் தாவிவிடுகிறார்கள். கிருமித்தொற்று இருக்கும்போது பயிற்சி உதவாது. மலச்சிக்கல் தீராமல் செய்கிற பயிற்சியைக் காலைக்கடன் முக்கலே தின்றுவிடும். அதனால் கீழே உள்ள எண்வரிசைப்படியே போங்கள்.

1. முதலில் ஆபத்து அறிகுறிகளைப் பாருங்கள்

இந்தப் பகுதியில் சொல்வதில் ஒன்று இருந்தாலும் வீட்டில் எதையும் ஆரம்பிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

வலி இல்லாவிட்டாலும் சிறுநீரில் ரத்தம். மாதவிடாய் நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு மறுபடி ரத்தப்போக்கு. குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், கூடவே விலாவுக்குப் பின்பக்கம் வலி. கர்ப்பமாக இருக்கும்போது நீர்க்கடுப்பு. பிரசவத்துக்கோ அறுவை சிகிச்சைக்கோ பிறகு இரவும் பகலும் ஓயாத சொட்டல். இது தசை தளர்ந்ததால் வருவதல்ல, சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே துளை விழுந்திருக்கலாம்.

இரண்டு நிலைகளில் மறுநாள்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. ஒன்று, அடிவயிறு முட்டியும் சிறுநீர் வரவே மாட்டேன் என்பது. இன்னொன்று, முதுகுவலியோடு தொடை இடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய இடமும் மரத்துப்போவது. முதுகுத்தண்டின் கீழே நரம்புகள் நசுங்கினால் இப்படி ஆகும். உடனே கவனிக்காவிட்டால் நிரந்தரப் பாதிப்பு வரலாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

2. இரண்டு பரிசோதனை: சிறுநீர், சர்க்கரை

அடிக்கடி போவது, அவசரம், எரிச்சல், நாற்றம் எல்லாம் தொற்றினாலும் வரும். சர்க்கரை கூடியிருந்தால் சிறுநீர் அளவே அதிகமாகும். தொற்றும் திரும்பத் திரும்ப வரும். இந்த இரண்டும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்த படிக்கு அர்த்தம் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம்.

மாதிரி கொடுக்கும்போது முதலில் வரும் கொஞ்சத்தை விட்டுவிட்டு, நடுவில் வருவதை டப்பாவில் பிடியுங்கள். முதல் பங்கில் தோலில் இருக்கும் கிருமிகள் கலந்துவிடும். காலையில் வீட்டில் பிடித்துப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் கொண்டுவர வேண்டாம். வெளியே வைத்திருந்தால் அதில் கிருமி பெருகி, இல்லாத தொற்று இருப்பதாகக் காட்டும். ஆஸ்பத்திரியிலேயே பிடித்துக் கொடுங்கள்.

இங்கே நடக்கிற பெரிய தவறு, மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு அப்புறம் டெஸ்டுக்கு வருவது. மாத்திரை கிருமியைப் பாதி அடக்கிவிடும். டெஸ்டில் ஒன்றும் தெரியாது. ஒரு வாரத்தில் திரும்ப வரும். முதலில் மாதிரி, பிறகு மருந்து.

வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். சில பிரஷர் மாத்திரைகள் சிறுநீரைக் கூட்டும். சில வறட்டு இருமலைத் தரும். நீங்களாக நிறுத்தக் கூடாது. நேரத்தை மாற்றலாமா, வேறு மாத்திரை தருவார்களா என்று கேளுங்கள்.

3. மூன்று நாள் கணக்கு எழுதுங்கள்

ஒரு சின்ன நோட்டு, பேனா, அளவுக்கோடு போட்ட பழைய பிளாஸ்டிக் ஜக் ஒன்று போதும். ஜக் இல்லையென்றால் வாய் அகன்ற டப்பாவில் 100 மில்லி வீதம் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு அளவுக்கும் ஆணியால் கோடு கீறிக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போகும் நாள் இரண்டு, வீட்டில் இருக்கும் நாள் ஒன்று. என்ன குடித்தீர்கள், எவ்வளவு, எத்தனை மணிக்கு. எத்தனை மணிக்குச் சிறுநீர் கழித்தீர்கள், எவ்வளவு. எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். தோட்டத்தில் அளக்க முடியாது. அங்கே போன தடவைக்கு ஒரு கோடு, கசிந்தால் ஒரு புள்ளி. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எல்லாவற்றையுமே கோடு, புள்ளி, வட்டம் என்று போட்டுக்கொண்டு வருவார்கள். அதை நான் நன்றாகப் படித்துக்கொள்ள முடிகிறது. மருமகளோ மகனோ பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம் இருப்பவர்களுக்கும் இது வசதி.

எழுதுகிற மூன்று நாளும் பழக்கத்தை மாற்றாதீர்கள். ரொம்பப் பேர் கணக்கு நன்றாக வரட்டும் என்று அன்றைக்கு மட்டும் டீயைக் குறைத்துவிடுகிறார்கள். அப்படி எழுதினால் காரணம் மறைந்துவிடும்.

படிப்பது எப்படி? ஒரு தடவைக்கு 200 முதல் 400 மில்லி, ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டுத் தடவை என்றால் இயல்பு. ஒவ்வொரு தடவையும் 100 மில்லிக்குள், ஆனால் மணிக்கொரு முறை போகிறீர்கள் என்றால் சிறுநீர்ப்பை கொஞ்சத்துக்கே பதறப் பழகியிருக்கிறது. ஒரு நாள் மொத்தம் மூன்று லிட்டருக்கு மேல் போனால் சர்க்கரையையும் குடிக்கும் அளவையும் மறுபடி பாருங்கள். ஏழெட்டு மணி நேரத்துக்கு ஒரே ஒரு தடவைதான் என்றால் அதுவும் கோளாறுதான். தோட்டவேலைப் பெண்களிடம் இதை நிறையப் பார்க்கிறேன். 9-ஆம் பகுதியில் அதற்கு வருகிறேன்.

4. உங்களுடையது எந்த வகை

இருமல், தும்மல், சிரிப்பு, மூட்டை தூக்குவது, இறக்கத்தில் வேகமாக இறங்குவது ஆகிய நேரங்களில் மட்டும் கசிந்தால் அது அழுத்தக் கசிவு. திடீரென்று அடக்க முடியாத அவசரம் வந்து, போவதற்குள் கசிந்தால் அவசரக் கசிவு. இரண்டும் கலந்தும் இருக்கும். அப்போது எது அதிகம் தொல்லை தருகிறதோ அதிலிருந்து ஆரம்பியுங்கள். சிறுநீர் கழித்த பிறகும் பை காலியானதாகத் தோன்றாமல் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டே இருந்தால் பயிற்சிக்கு முன் ஸ்கேன் வேண்டும். தங்கிய நீர் எவ்வளவு என்று அதில் தெரியும்.

அழுத்தக் கசிவுக்கு 6, 7, 8. அவசரக் கசிவுக்கு 6, 7, 9. கீழே கனமாகத் தொங்குவது போலிருந்தால் 10-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். 5 எல்லாருக்கும் உண்டு.

5. தண்ணீர், டீ, மலம், இருமல்

கசிகிறது என்றதும் எல்லாரும் முதலில் செய்வது தண்ணீரைக் குறைப்பது. இதுதான் நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது. நீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகி, மஞ்சளாகி, பையின் உட்சுவரை உறுத்தும். உறுத்தினால் அவசரம் கூடும். மலம் இறுகும். கிருமி தங்கும். நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வேண்டும். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காக மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான்.

மலையில் இன்னொரு சங்கடம். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் சிறுநீர் அதிகம் வரும். குளிருக்குத் தோலடி ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்தம் உள்ளே ஒதுங்குவதால், சிறுநீரகம் கூடுதல் நீரை வெளியேற்றுகிறது. மார்கழி, தைப் பனியில் கசிவு கூடினால் நோய் முற்றிவிட்டதென்று பயப்பட வேண்டாம். கால்களையும் இடுப்பையும் கதகதப்பாக வைத்துக்கொண்டு, கணக்குப்படி தண்ணீரைப் பகலில் பிரித்துக் குடியுங்கள். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு நிறுத்துங்கள்.

நம் ஊரில் டீயைத் தொடாதே என்று சொல்ல முடியாது. ஆனால் டீயில் இருக்கும் கஃபீன் சிலருக்குச் சிறுநீர்ப்பையைத் தூண்டி அவசரத்தைக் கூட்டும். பால் ஊற்றாத கட்டன் டீயிலும் அது இருக்கிறது. ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்து, நாளைக்கு இரண்டில் நிறுத்துங்கள். அந்த நேரத்துக்குச் சுக்குத் தண்ணீரோ சீரகத் தண்ணீரோ சூடாகக் குடிக்கலாம். கைக்கு இதமாக ஒரு டம்ளர் வேண்டும் என்பதுதான் பாதிப் பேருக்குப் பிரச்சினை.

மலச்சிக்கலைத் தள்ளிப்போடாதீர்கள். நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை முன்பக்கமாக நெருக்குகிறது. தினமும் முக்குவது இடுப்புத்தளத்தைக் கீழே இழுத்துத் தள்ளுகிறது. ராகிக்களி, அவரை, பீன்ஸ், கீரை, தோல் சீவாத காரட் எல்லாம் நம் சந்தையிலேயே கிடைக்கிறது. இந்தியன் கழிப்பறையில் குந்தும் நிலை நல்லதே. வெஸ்டர்ன் என்றால் காலுக்கடியில் சின்ன முக்காலி வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி உட்காருங்கள். மூச்சை அடக்கி முக்காமல், வாயால் ஊதிக்கொண்டே வயிற்றைத் தளர விடுங்கள். பத்து நிமிஷத்தில் வரவில்லையென்றால் எழுந்துவிட்டு அப்புறம் போங்கள்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனை அவசியம். விறகடுப்புப் புகை, ஆஸ்துமா, பிரஷர் மாத்திரை, எதனால் என்று கண்டுபிடித்து நிறுத்தாமல் கசிவை நிறுத்துவது கஷ்டம். எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு, இருக்கும் எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்தாலே வித்தியாசம் தெரியும்.

6. சரியான தசையைக் கண்டுபிடியுங்கள்

இங்கேதான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். அவசரப்படாமல் ஒரு வாரம் இதற்கே ஒதுக்குங்கள்.

முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை ஒரு சேலைத் தூளி கட்டியதுபோல இந்தத் தசை தொங்குகிறது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றும் அதன்மேல் இருக்கின்றன. மூன்றின் வாயும் அதன் வழியாகத்தான் திறக்கின்றன. அதனால்தான் ஒரே பயிற்சி கசிவுக்கும் அடியிறக்கத்துக்கும் உதவுகிறது.

சிறுநீர் கழித்துவிட்டு மல்லாந்து படுங்கள். முழங்கால்கள் மடங்கி, பாதம் தரையில். படுத்திருக்கும்போது உறுப்புகளின் பாரம் தசைமேல் இல்லாததால் கண்டுபிடிப்பது சுலபம். இப்போது காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல் பின்வாயை இறுக்குங்கள். அதே இறுக்கத்தை முன்பக்கம், சிறுநீர்த் துவாரம் வரை கொண்டுவந்து, தொப்புளை நோக்கி உள்ளே மேலே தூக்குங்கள். வெளியே பார்க்கிறவருக்கு எதுவும் அசையக் கூடாது. மூச்சு சாதாரணமாக ஓட வேண்டும். பிறகு முழுசாகத் தளர விடுங்கள்.

சரியாகச் செய்கிறோமா என்று பார்க்க, கண்ணாடியை வைத்துப் பாருங்கள். பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள இடம் உள்ளே போக வேண்டும். வெளியே பிதுங்கினால் நீங்கள் முக்குகிறீர்கள், உடனே நிறுத்துங்கள். கை கழுவிவிட்டு ஒரு விரலைப் பிறப்புறுப்பினுள் வைத்தால், விரலைச் சுற்றிப் பிடித்து மேலே இழுப்பது தெரியும். முதல் தடவை லேசாகத்தான் தெரியும், அது போதும். கூச்சமாக இருந்தால் வெளியிலேயே அந்த நடு இடத்தில் துணிக்கு மேலாக விரலை வைத்துப் பார்க்கலாம்.

தவறுகள் எப்போதும் இந்த நாலில் ஒன்றாகத்தான் இருக்கும். முக்குவது, இது கெடுதல், இறக்கத்தைக் கூட்டும். பிட்டத்தை இறுக்குவது, இடுப்பு படுக்கையிலிருந்து எழும்பினால் இதுதான். தொடைகளைச் சேர்த்து நெருக்குவது. மூச்சை அடக்குவது. மூச்சு அடங்காமல் இருக்க ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுங்கள். நம் மகளிர் குழுவில் எல்லாரும் சேர்ந்து சத்தமாக எண்ணும்போது யாரும் மூச்சுப் பிடிப்பதில்லை.

சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகச் சொல்லி யாராவது சொன்னால் அதைப் பயிற்சியாகச் செய்ய வேண்டாம். பை முழுவதும் காலியாகாமல் போகும் பழக்கம் வந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. கணவரோடு சேரும்போது வலி, அடிவயிற்றில் ஓயாத இறுக்கம், சிறுநீர் ஆரம்பிக்கவே நேரமாவது என்று இருப்பவர்களுக்குத் தசை தளர்ந்திருக்காது, ஏற்கெனவே இறுகியிருக்கும். அவர்கள் மேலும் இறுக்கினால் வலி கூடும். முதலில் தளர்த்தக் கற்க வேண்டும். அதற்கு நேரில் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

இரண்டு மூன்று வாரம் முயன்றும் அசைவு தெரியவே இல்லையென்றாலும் நேரில் காட்டுவதுதான் சரி. தெரியாத தசைக்கு வீட்டில் மாதக்கணக்கில் பயிற்சி செய்வது வீண்.

7. மூன்று மாதப் பயிற்சி

மெதுவான இறுக்கம்: இறுக்கித் தூக்கி, மூன்று எண்ணும்வரை பிடித்து, அதே அளவு நேரம் தளர விடுங்கள். எட்டு முதல் பத்துத் தடவை. வாரம் போகப் போக மூன்றை ஐந்தாக்கி, பத்து விநாடி வரை கொண்டுபோங்கள். பிடி நடுவில் நழுவினால் அந்த எண்ணிக்கைதான் இப்போதைக்கு உங்கள் அளவு.

வேகமான இறுக்கம்: டக்கென்று இறுக்கி டக்கென்று விடுவது, எட்டு முதல் பத்து. தும்மல் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை, அதற்கு வேகமும் வேண்டும்.

இரண்டையும் சேர்த்து நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். முதல் இரண்டு வாரம் படுத்து, பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று, கடைசியில் நடந்துகொண்டே. படுத்தபடி மட்டுமே மூன்று மாதமும் செய்கிறவர்களுக்குப் படுக்கையில் பலம் வரும், மேட்டில் ஏறும்போது கசியும். கசிவது நிற்கும்போது, நடக்கும்போது, சுமக்கும்போதுதானே.

வேளையை ஏதாவது வேலையோடு கட்டிக்கொண்டால் மறக்காது. அடுப்பில் பால் வைத்ததும் ஒன்று, இலை எடை போட வரிசையில் நிற்கும்போது ஒன்று, படுக்கும்போது ஒன்று. நாளெல்லாம் இறுக்கிக்கொண்டே இருப்பது, சீக்கிரம் சரியாகட்டும் என்று இருநூறு முறை செய்வது இரண்டும் வேண்டாம். களைத்த தசை வலுவாகாது. வலி வந்தால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

முதல் மாதத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். விட்டுவிடுகிறவர்கள் எல்லாம் அங்கேதான் விடுகிறார்கள். தசை வளர அத்தனை நாள் ஆகும். மாதம் ஒருமுறை அந்த மூன்று நாள் கணக்கை மறுபடி எழுதுங்கள். கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம் புள்ளிகள் குறைவதில் தெரியும்.

பிரசவமானவர்கள் வலி பொறுக்கிற அளவுக்குச் சில நாளிலேயே லேசாக ஆரம்பிக்கலாம், சிசேரியன் ஆனாலும். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் அதை எடுத்த பிறகு. வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டினால் அழுத்தம் கீழே போகும். கட்டியே ஆக வேண்டுமென்றால் தளர்வாக. குழந்தைக்கு மூன்று மாதமாகியும் கசிந்தால் காட்டிவிடுங்கள்.

8. சுமை தூக்கும் முன் இறுக்குங்கள்

தசையில் பலம் இருந்தும் சரியான நொடியில் இறுகாவிட்டால் பயனில்லை. இருமல் வரப்போகிறது என்று தொண்டை சொல்லும்போதே இறுக்கித் தூக்கி, இருமல் முடிந்ததும் விடுங்கள். வேண்டுமென்றே லேசாக இருமி வீட்டில் பழகுங்கள். தும்மல், குழந்தையைத் தூக்குவது, குடத்தை இடுப்பில் ஏற்றுவது எல்லாவற்றுக்கும் இதே வரிசை: முதலில் இறுக்கம், பிறகு வேலை.

இலை மூட்டையைத் தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வதுதான் பழக்கம். அப்போது வயிற்றின் அழுத்தம் முழுவதும் கீழே இறங்குகிறது. மூட்டையை உடம்போடு ஒட்டிவைத்து, முழங்காலை மடக்கி, கீழே இறுக்கி, ஊதிக்கொண்டே எழுந்திருங்கள். தலைக்கு ஏற்ற இன்னொரு ஆள் கை கொடுக்கட்டும். ஒரே பெரிய மூட்டைக்குப் பதில் இரண்டு நடை போனால் கூலி குறையாது, நேரம்தான் கொஞ்சம் ஆகும். மேஸ்திரி முணுமுணுத்தால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். இடுப்பில் சுற்றும் சாக்கையும் பிளாஸ்டிக் ஷீட்டையும் வயிற்றின் குறுக்கே இறுக்காமல் இடுப்பெலும்பின்மேல் கட்டுங்கள்.

9. அவசரத்தை அடக்கவும், அளவுக்குமேல் அடக்காமல் இருக்கவும்

அவசரம் வந்ததும் ஓடாதீர்கள். ஓடும்போது தசை குலுங்கி, கழிப்பறை வாசலிலேயே கசியும். நின்ற இடத்தில் நில்லுங்கள், முடிந்தால் உட்காருங்கள். ஐந்தாறு வேகமான இறுக்கம் செய்யுங்கள். இடுப்புத்தளம் இறுகினால் சிறுநீர்ப்பை தளரும், அதற்கான நரம்புத் தொடர்பு உடம்பில் இருக்கிறது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது, ஊரில் உள்ள வீடுகளை வரிசையாக நினைப்பது என்று மனதை வேறு பக்கம் திருப்புங்கள். அலை தணியும். தணிந்த பிறகு மெதுவாக நடந்து போங்கள்.

அடுத்தது இடைவெளி. கணக்கில் சராசரி ஒரு மணி நேரம் என்றிருந்தால் அதுவே தொடக்கம். வாரத்துக்குப் பதினைந்து நிமிஷம் கூட்டி, மூன்று மணி நேரம் வரை வாருங்கள். குறைந்தது ஆறு வாரம் விடாமல் செய்ய வேண்டும். வெளியே கிளம்பும்போதெல்லாம் எதற்கும் ஒருமுறை போய்விடலாம் என்று போவதைக் குறையுங்கள், பை கொஞ்சத்துக்கே பழகிவிடும். மேட்டுப்பாளையம் பஸ் ஏறும் முன் போவதை மட்டும் நானும் தடுப்பதில்லை.

இப்போது எதிர்ப்பக்கம். காலையில் வீட்டில் போய்விட்டு, மாலையில் வீடு திரும்பித்தான் அடுத்து போகிற தோட்டப் பெண்கள் இடைவெளியைக் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும். நாள்தோறும் அளவுக்குமேல் விரிந்த பை, சுருங்கும் பலத்தை இழக்கும். தேங்கிய நீரில் கிருமி பெருகும். மூன்று நாலு மணிக்கொரு தடவை போயே ஆக வேண்டும். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல் வந்தபோதே கழிப்பறை கட்டித்தருவது நிர்வாகத்தின் பொறுப்பு என்று எழுதிவைத்தது. தனியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் சங்கம் வழியாகக் கேளுங்கள். அதுவரை இரண்டு மூன்று பேர் சேர்ந்து போங்கள். ஒருவர் மறைப்புக்கும் காவலுக்கும் நிற்கலாம்.

இரவிலும் இதே கதை. கரடி, சிறுத்தை, கூடலூர் பக்கம் யானை என்று பயந்து வெளிக்கழிப்பறைக்குப் போகாமல் விடியும்வரை அடக்குகிறவர்கள் உண்டு. பயம் நியாயமானது. மூடி போட்ட வாளி ஒன்றை அறையிலேயே வையுங்கள். சாயங்காலம் கால்களை அரைமணி நேரம் உயர்த்திவைத்தால் காலில் தேங்கிய நீர் படுக்குமுன்பே வெளியேறி, இரவு எழுவது குறையும்.

போகும்போது முழுசாகப் போக வேண்டும். அழுக்குக்குப் பயந்து பாதி எழுந்த நிலையில் போனால் தசை தளராது. நன்றாக உட்கார்ந்து, முடிந்ததும் எழுந்து, மறுபடி உட்கார்ந்து முன்னால் சாய்ந்தால் மிச்சமும் வரும்.

10. அடியிறக்கம் இருந்தால்

காலையில் ஒன்றும் தெரியாது. நின்று வேலை செய்து சாயங்காலமானால் கனக்கும், உருண்டையாக ஏதோ கையில் படும். சிறுநீர்ப்பையோ கருப்பையோ மலக்குடலோ இறங்கியிருக்கலாம், எது என்று உள்பரிசோதனையில்தான் தெரியும். ஆரம்ப நிலையில் பயிற்சி கனத்தையும் தொந்தரவையும் குறைக்கும். வெளியே வந்துவிட்ட இறக்கத்தைப் பயிற்சி மட்டும் உள்ளே அனுப்பாது.

வேலை முடிந்து வந்ததும் இடுப்புக்கடியில் தலையணை வைத்துக் கால் மணி நேரம் படுங்கள்.

பெசரி என்ற சிலிகோன் வளையத்தைப் பற்றிக் கேளுங்கள். மருத்துவர் அளவு பார்த்து உள்ளே பொருத்துவார். சரியான அளவாக இருந்தால் இருப்பதே தெரியாது. மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவி, புண் இருக்கிறதா என்று பார்த்து மறுபடி வைக்க வேண்டும். போட்டதையே மறந்து வருஷக்கணக்கில் விட்டுவிடுவதுதான் ஆபத்து. காலண்டரில் அடுத்த தேதியை அன்றைக்கே குறித்துவிடுங்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு உள்ளே வறட்சி இருந்தால் மருத்துவர் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் தருவார்.

கருப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நிறுத்திக் கேளுங்கள். கருப்பையை எடுப்பதால் கசிவு நிற்காது. தசை தளர்ந்தே இருந்தால் வேறொன்று இறங்கலாம். அறுவை சிகிச்சை தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு முன் என்ன செய்யப் போகிறார்கள், கசிவு மாறுமா, எத்தனை நாள் சுமை கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். குறைந்தது ஆறு வாரம் மூட்டை தூக்காமல் இருக்க வீட்டில் ஏற்பாடு செய்துவிட்டுத் தேதி வாங்குங்கள்.

11. அதுவரை துணியும் பேடும்

மழைக்காலத்தில் துணி காயாது. ஈரம் போகாத துணியைத் திரும்பக் கட்டுவதால் தொடை இடுக்கில் புண்ணும் பூஞ்சையும் வருகின்றன. துணி என்றால் அடுப்பருகே நன்றாகக் காயவைத்து, இஸ்திரி போட்டு வையுங்கள். மாதவிடாய் நாப்கின் சிறுநீரை வேகமாக உறிஞ்சாது. சிறுநீருக்கென்றே தனிப் பேடு மருந்துக்கடையில் கிடைக்கிறது. சோப்புப் போட்டு உள்ளே கழுவ வேண்டாம்.

12. ஆஸ்பத்திரியில் என்ன சொல்வது

கோத்தகிரி, கூடலூர் அரசு மருத்துவமனை, குன்னூர் லாலி மருத்துவமனை, ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, எது கிட்ட இருக்கிறதோ அங்கே போய் மகளிர் பிரிவுக்குச் சீட்டு வாங்குங்கள். பிசியோதெரபி பிரிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள். மலை இறங்க முடியாதவர்கள், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் செவிலியரிடம் சொல்லலாம். அதில் பிசியோதெரபியும் உண்டு. எங்கே போவது என்றே தெரியவில்லையென்றால் சுகாதார உதவி எண்ணான 104-க்குப் போன் செய்யுங்கள்.

கூட்டத்தைப் பார்த்துக் கூச்சப்பட்டு "இடுப்பு வலி டாக்டர்" என்று சொல்லி, வலி மாத்திரையோடு திரும்பி வருகிறவர்கள் நிறைய. இப்படிச் சொல்லுங்கள்: "எனக்கு இருமினா யூரின் கசியுது. இத்தனை மாசமா இருக்கு. மூணு நாள் கணக்கு எழுதி வந்திருக்கேன்." அவசரக் கசிவென்றால் அதையும், கீழே இறங்குவதென்றால் அதையும் அதே மாதிரி நேரடியாக. பெண் மருத்துவர் வேண்டுமென்றால் சீட்டு வாங்கும் இடத்திலேயே கேளுங்கள்.

நிறைந்த பையோடு இருமச் சொல்லிப் பார்ப்பார்கள், அதனால் போகுமுன் காலி செய்துவிட வேண்டாம். அவசரக் கசிவுக்கு மாத்திரைகள் உண்டு. சிலவற்றால் வாய் உலர்ந்து மலம் இறுகும், அப்படி ஆனால் தானாக நிறுத்தாமல் திரும்பப் போய்ச் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். அழுத்தக் கசிவு மூன்று மாதச் சரியான பயிற்சிக்கும் அடங்காவிட்டால் அறுவை சிகிச்சை வழிகள் இருக்கின்றன. எத்தனை வாரம், எத்தனை வேளை பயிற்சி செய்தீர்கள் என்று மருத்துவர் கட்டாயம் கேட்பார். அதையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள்.